ஜெயிலுக்குள்ள கொலை நடந்தா யார் பதில் சொல்லணும்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து பேசறேன். ரெக்கார்டிங் நடக்கிற ரூமுக்கும் ஸ்டேஷனுக்கும் ரொம்ப தூரம் இல்ல. நடுவுல ரயில் சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

நான் செங்கல்பட்டு கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன். பேப்பர்ல வர்ற மாதிரி பெரிய கேஸ் எதுவும் என்கிட்ட கிடையாது. ஒரகடம், மறைமலை நகர் பக்கம் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற பசங்களோட அடிதடி, பைக் ஆக்சிடென்ட், செக் பவுன்ஸ், இப்படித்தான் ஓடுது. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. பையனுக்கு 22 வயசு. நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில ஒரு தகராறு. ஒரு ஸ்கிராப் லோடு யார் எடுக்கிறதுங்கிற சண்டை, அதுல இவன் கூட நின்னவன். ஏ4. ரிமாண்ட் ஆகிட்டான். எதிர்த்தரப்பு ஆளோட அண்ணன் வேற ஒரு கேஸ்ல ஏற்கனவே உள்ள இருக்கான்.

நான் பெயில் பத்தி சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க கையைக் காட்டி நிறுத்தினாங்க. "பெயில் பத்து நாள் லேட்டானாலும் பரவாயில்ல சார். உள்ள வச்சு அவனை ஏதாவது பண்ணிட்டாங்கன்னா யாரு சார் பதில் சொல்லுவா?"

எனக்கு உடனே பதில் வரல. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு சொன்னேன். வக்கீலுங்க பதில் தெரியாதப்ப சொல்ற பதில் அது. அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் தேடினதுதான் இந்த எபிசோட்.

படத்துல பார்த்ததும் நிஜத்துல நடந்ததும்

2024-ல 'சொர்க்கவாசல்' படம் வந்தப்ப உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதுக்கு அடிப்படை சென்னை மத்திய சிறையில 1999 நவம்பர் 17-ல நடந்த கலவரம். 'பாக்ஸர்' வடிவேலுங்கிற கைதி இறந்துபோன செய்தி பரவினதும் உள்ள வெடிச்சுது. துணை ஜெயிலர் ஜெயக்குமாரை எரிச்சுக் கொன்னாங்க. போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல கைதிகளும் செத்தாங்க. அந்த ஜெயில் இப்ப அங்க இல்ல, 2006-ல புழலுக்குப் போயிடுச்சு. சென்ட்ரல் பக்கத்துல இருந்த கட்டடத்தை இடிச்சாச்சு.

ஆனா நான் பேச வந்தது கலவரம் பத்தி இல்ல. கலவரம்னா ஊருக்கே தெரியும், கமிஷன் போடுவாங்க, படம் எடுப்பாங்க. நான் சொல்றது, ஒரு கும்பல் உள்ள வச்சு ஒரு ஆளை மட்டும் குறிவச்சு முடிக்கிறது.

2021 ஏப்ரல் 22. பாளையங்கோட்டை மத்திய சிறை. 27 வயசு இளைஞர் ஒருத்தர், விசாரணைக் கைதி. ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையில இருந்து அன்னைக்குத்தான் மாத்திக் கொண்டு வந்தாங்க. அன்னைக்கே உள்ள இருந்த கைதிகள் அடிச்சுக் கொன்னுட்டாங்க. வந்து ஒரு ராத்திரி கூட தங்கல. குற்றம் நிரூபிக்கப்பட்ட ஆள் இல்ல, தண்டனை வாங்கின ஆள் இல்ல. குடும்பம் உடலை வாங்க மாட்டோம்னு சொல்லிடுச்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மாசத்துக்கு மேல. அவங்க கேட்டது ஒண்ணுதான்: அடிச்சவங்க மேல கேஸ் போட்டீங்க, சரி. அவங்க இருக்கிற இடத்துலயே இவனைக் கொண்டு போய் விட்டது யாரு? சிறை ஊழியர்கள் சிலரை சஸ்பெண்ட் பண்ணாங்க. வழக்கு சிபிசிஐடிக்குப் போச்சு.

அடுத்தது டெல்லி. ஆனா அதுலயும் நம்ம ஊர் இருக்கு. 2023 மே 2, காலையில, திகார் ஜெயில். தில்லு தாஜ்புரியாங்கிற கேங் தலைவரை எதிர் கேங் ஆட்கள் குத்திக் கொன்னாங்க. பின்கதை சினிமா மாதிரி இருக்கும். 2021 செப்டம்பர் 24-ல ரோகிணி கோர்ட்டுக்குள்ளயே ஜிதேந்தர் கோகிங்கிறவரை ரெண்டு பேர் சுட்டுக் கொன்னாங்க. வந்தவங்க வக்கீல் கோட்டு போட்டிருந்தாங்க. (அதுக்கப்புறம் கொஞ்ச நாள் எங்க கோர்ட் கேட்லயும் எங்களையே ஏற இறங்கப் பார்த்தாங்க.) அந்தக் கொலையில தில்லு மேல குற்றச்சாட்டு இருந்துச்சு. அதுக்குப் பழிதான் திகார்.

திகார்ல பாதுகாப்புக்கு நிக்கிறது யாருன்னு தெரியுமா? தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. நம்ம ஊர்ல பட்டாலியன் போலீஸ்னு சொல்லுவோம்ல, அவங்கதான். குத்துப்பட்டவரைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப, போலீஸ்காரங்க சுத்தி நிக்கும்போதே, மறுபடியும் வந்து குத்துறாங்க. சிசிடிவில பதிவாகி, நாடு முழுக்க டிவில ஓடுச்சு. ஏழு தமிழ்நாட்டுக் காவலர்களை சஸ்பெண்ட் பண்ணி ஊருக்கு அனுப்பினாங்க. 2000 கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊர்ல, கையில பெருசா எதுவும் இல்லாம நின்னவங்க. அவங்க என்ன பண்ணியிருக்கணும்னு நான் இங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா அந்த ஏழு பேரோட கணக்கு முடிஞ்சுதா, அவங்களுக்கு மேல யாருங்கிற கேள்வி அப்படியே நிக்குது.

ஆயுள் கைதி கொலை பண்ணா?

இப்ப சட்டத்துக்கு வருவோம். வெளியில கொலை பண்ணா என்ன பிரிவோ, உள்ள பண்ணாலும் அதே பிரிவு. பழைய சட்டத்துல 302, புதுசுல, அதாவது 2024 ஜூலை 1-ல இருந்து அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல, 103. மரண தண்டனை அல்லது ஆயுள். ஜெயில்ல நடந்துச்சுங்கிறதுக்காகத் தனிப் பிரிவு கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. உள்ள போய்ப் படிச்சா இது ரொம்ப சுவாரசியமான கதை.

1860-ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துல 302-க்கு அடுத்தே 303-ன்னு ஒண்ணு இருந்துச்சு. ஆயுள் தண்டனையில இருக்கிற ஒருத்தர் கொலை செஞ்சா, மரண தண்டனை. "அல்லது"ங்கிற வார்த்தையே கிடையாது. காரணம் என்னன்னு யாரும் யூகிக்கலாம். ஏற்கனவே ஆயுள் வாங்கினவனுக்கு இழக்க வேற என்ன இருக்கு? வார்டரைக் கொன்னாலும் அதே ஆயுள்தானேன்னு நினைச்சுடுவான். அவனைப் பயமுறுத்த ஒண்ணு வேணும்.

1983 ஏப்ரல் 7-ல, மித்து எதிர் பஞ்சாப் அரசு வழக்குல, உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவையே செல்லாதுன்னு தூக்கிப் போட்டாங்க. தீர்ப்பு எழுதினவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். அந்த பெஞ்ச்ல நம்ம ஊர்க்காரர் ஒருத்தரும் இருந்தார், நீதிபதி ஏ. வரதராஜன். உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி அவர்தான்.

அவங்க சொன்னது இதுதான். ஒரு ஆளுக்கு என்ன தண்டனைன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவர் பக்கத்தைக் கேட்கணும். 303 இருக்கிற வரைக்கும் கேட்டு என்ன பிரயோஜனம்? பதில் முன்னாடியே எழுதியாச்சு. அப்புறம், ஆயுள் கைதின்னா எல்லாரும் கொலைகாரங்க இல்ல. கொலை இல்லாத எத்தனையோ குற்றத்துக்கும் அப்ப ஆயுள் இருந்துச்சு. பரோல்ல வெளிய வந்த ஒருத்தர் ஜெயிலுக்குச் சம்பந்தமே இல்லாம ஒரு ஆத்திரத்துல கொலை பண்ணாலும் தூக்கு. ஆயுள் கைதிங்க மத்தவங்களை விட அதிகமா கொலை பண்றாங்கன்னு காட்ட புள்ளிவிவரமும் இல்ல. அப்ப எதை வச்சு இந்த ஒரு வகை ஆட்களை மட்டும் தனியா பிரிச்சீங்க?

இது நமக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்ல. அதே 1983, அக்டோபர் 22. அமெரிக்காவுல மேரியன் சிறையில ஒரே நாள்ல ரெண்டு காவலர்களைத் தனித்தனியா ரெண்டு கைதிங்க கொன்னாங்க. ரெண்டு பேருமே ஏற்கனவே ஆயுள் கைதிங்க. அந்த நேரத்துல அவங்க மேல போட மத்திய சட்டத்துல மரண தண்டனை இல்ல. அதுல ஒருத்தர், தாமஸ் சில்வர்ஸ்டீன், 2019-ல சாகிற வரைக்கும் தனிமைச் சிறையிலயே இருந்தார். 36 வருஷம். தண்டனையைக் கூட்ட வழி இல்லாதப்ப, இருக்கிற தண்டனையையே எந்த அளவுக்குக் கொடூரமா மாத்தலாம்னு ஒரு நாடு கண்டுபிடிச்ச கதை அது. 1987-ல அமெரிக்க உச்ச நீதிமன்றமும், சம்னர் எதிர் ஷூமன் வழக்குல, ஆயுள் கைதி கொலை பண்ணா கட்டாய மரணம்ங்கிற நெவாடா சட்டத்தை ரத்து பண்ணுச்சு. நாம நாலு வருஷம் முன்னாடி.

சரி, 303 போயிடுச்சு. அப்ப ஒரு ஆயுள் கைதி உள்ள கொலை பண்ணி, அதுக்கும் ஆயுள் வாங்கினா என்ன ஆகும்? பேப்பர்ல "இரட்டை ஆயுள்"னு தலைப்பு போடுவாங்க. படிக்கும்போது ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்கிற மாதிரி தோணும். அப்படி இல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 427-ல, இப்ப அது 467, இரண்டாவது உட்பிரிவு நேரா சொல்லுது: ஆயுள்ல இருக்கிறவருக்கு அடுத்து எந்த சிறைத் தண்டனை வந்தாலும், அது முதல் தண்டனையோட சேர்ந்தே ஓடும். 2016-ல முத்துராமலிங்கம் வழக்கு, தமிழ்நாட்டுல இருந்து போனது, ஐந்து நீதிபதிகள் பெஞ்ச். ஒரு ஆயுளுக்கு அப்புறம் இன்னொரு ஆயுள்னு வரிசையா அடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. மனுஷனுக்கு ஒரு உயிர்தான், அதை ரெண்டு தடவை எப்படிக் கழிக்கிறது?

அப்ப அந்த இரண்டாவது கொலை இலவசமா? கேட்கத் தோணும். முழுசா அப்படிச் சொல்ல முடியாது. ஆயுள்னா சட்டப்படி உயிர் இருக்கிற வரைக்கும். "14 வருஷம்"ங்கிறது, கொலை வழக்குல ஆயுள் வாங்கினவர் அதுக்கு முன்னாடி விடுதலை கேட்கவே முடியாதுங்கிற எல்லை மட்டும்தான். 14 முடிஞ்சா தானா கதவு திறக்காது, அரசு பரிசீலிக்கணும். அப்ப அந்த இரண்டாவது கொலை குறுக்க வந்து நிக்கும். 2015-ல ஸ்ரீஹரன் வழக்கு, ராஜீவ் காந்தி கொலை வழக்கு சம்பந்தப்பட்டது, அதுல இன்னொரு வழி உறுதியாச்சு. இத்தனை வருஷத்துக்குத் தண்டனைக் குறைப்பே கிடையாதுன்னு உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் சொல்லலாம்.

இப்ப புதுச் சட்டத்துல 303 வேற உருவத்துல திரும்பி வந்திருக்கு. பிரிவு 104. ஆயுள் தண்டனையில் இருக்கிறவர் கொலை செய்தால், மரணம் அல்லது "எஞ்சிய இயற்கை வாழ்நாள் முழுவதும்" சிறை. "அல்லது" சேர்த்துட்டாங்க, அதனால மித்து தீர்ப்போட நேரா மோதல. ஆனா ரெண்டாவது வழியும் வெளிய போற வழி இல்ல. முன்னாடி மேல் கோர்ட்டுகள் மட்டும் சொல்ல முடிஞ்சதை, இந்த ஒரு பிரிவுல விசாரணை நீதிமன்றமே சொல்லியாகணும்.

எனக்கு இதுல பெரிய ஆட்சேபணை இல்ல. ஆனா இது யாரைத் தொடுது? ஆயுள் கைதியை மட்டும். நம்ம நாட்டு ஜெயில்ல நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க. ஒரு கேங் சண்டையில பிடிபட்டு உள்ள வர்றவன் பெரும்பாலும் தண்டனைக் கைதி இல்ல. திகார்ல குத்துப்பட்டவரும் விசாரணைக் கைதிதான். 104 அழகான பிரிவு. எத்தனை தடவை பயன்படுமோ தெரியாது.

முற்றத்துல நின்னவங்க எல்லாரும் குற்றவாளியா?

கும்பலா பண்ற கொலையில சட்டத்துக்கு ரெண்டு கயிறு இருக்கு. ஒண்ணு பொது எண்ணம், பழைய 34. இன்னொண்ணு சட்டவிரோதக் கூட்டம், பழைய 149, இப்ப 190. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ ஒரே நோக்கத்தோட கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருத்தன் கொலை பண்ணா, கத்தியைத் தொடாத மத்தவங்களுக்கும் அதே தண்டனை. கேங் வழக்குகளுக்கு இதுதான் பெரிய ஆயுதம். ஸ்கெட்ச் போட்டவன், வழி மறிச்சவன், கதவு பிடிச்சவன், எல்லாரையும் உள்ள கொண்டு வரலாம்.

வெளியில ஒரு கொலை நடந்த இடத்துல நீங்க நின்னீங்கன்னா, கோர்ட் முதல்ல கேட்கிற கேள்வி, "நீ அங்க ஏன் போன?" நோக்கம் இல்லாம சும்மா வேடிக்கை பார்த்தவர் அந்தக் கூட்டத்துல சேர மாட்டார்னு 1964 மசால்தி வழக்குல இருந்து சொல்லிட்டு வர்றாங்க. ஆனா ஏன் போன, ஏன் ஓடல, இதை வச்சுத்தான் நோக்கத்தை அளக்கிறாங்க.

ஜெயில்ல இந்த அளவுகோல் வேலை செய்யாது. முற்றத்துல 60 பேர் நிக்கிறாங்க. ஒருத்தர் கூட சொந்த விருப்பத்துல அங்க வரல. ஓடறதுக்கு இடமும் இல்ல. ஒரே பிளாக்ல தூங்குறாங்க, ஒரே வரிசையில சாப்பாடு வாங்குறாங்க. "இவங்க எல்லாம் எப்பவும் ஒண்ணாத்தான் இருப்பாங்க"ன்னு ஒரு சாட்சி சொன்னா, வெளியில அது பலமான விஷயம். உள்ள, அது ஜெயில் ரிஜிஸ்டர்ல இருக்கிற ஒரு வரி, அவ்வளவுதான். சும்மா நின்ன பையன் ஏ9 ஆகிடலாம். போன்ல வெளிய இருந்து ஆர்டர் போட்டவன் பேரே வராம போகலாம். இந்த ரெண்டும் நடக்கும்னுதான் எனக்குப் பயம்.

புதுச் சட்டத்துல 111, திட்டமிட்ட குற்றம்னு ஒரு பிரிவு வந்திருக்கு. சாவு நேர்ந்தா மரணம் அல்லது ஆயுள், அபராதம் குறைஞ்சது 10 லட்சம். கேக்க மிரட்டலா இருக்கு. ஆனா அதுல பணம், பொருள் ஆதாயம்னு ஒரு நிபந்தனை ஓடுது. அண்ணனைக் கொன்னதுக்குத் தம்பி பழி வாங்கினா அதுல ஆதாயம் எங்கன்னு நான் டிபன்ஸ் வக்கீலா இருந்தா முதல் நாளே கேட்பேன்.

"எல்லாருமே பாத்ரூம்லதான் சார் இருந்தோம்"

அந்த அம்மாவோட பையன் பெயில்ல வந்த பிறகு ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன். பேச்சுவாக்குல சொன்னான், அவன் இருந்த நாட்கள்ல பக்கத்து பிளாக் ஆள் ஒருத்தருக்கு மண்டை உடைஞ்சுதாம். கொலை இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போய் பிழைச்சுட்டார். இவன் பத்தடி தூரத்துல நின்னிருக்கான். விசாரிக்க வந்தப்ப என்னடா சொன்னன்னு கேட்டேன்.

"பாத்ரூம்ல இருந்தேன்னு சொன்னேன் சார். எனக்கு முன்னாடி நின்னவனும் அதையேதான் சொன்னான். அன்னைக்கு எல்லாருமே பாத்ரூம்லதான் சார் இருந்தோம்."

சிரிச்சுட்டான். நானும் சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரல.

சாட்சி சொல்ற ஆள் அன்னைக்கு ராத்திரியும் அதே பிளாக்லதான் தூங்கணும். வெளியில சாட்சிக்குப் பாதுகாப்பு கொடுக்கலாம், ஊர் மாத்தலாம். உள்ள இருக்கிற சாட்சியை எங்க மாத்துவீங்க? இன்னொரு ஜெயிலுக்கு. அங்கயும் அதே கேங் ஆள் இருப்பான். அதனால சிறைக் கொலை வழக்குகள்ல பிறழ் சாட்சி ஒரு ஆச்சரியமே இல்ல. 2012-ல புனே எரவாடா சிறையில, உச்சபட்ச பாதுகாப்புப் பகுதியில, ஒரு விசாரணைக் கைதி கழுத்தை நெரிச்சுக் கொல்லப்பட்டார். வெளி ஆள் யாரும் நுழைய முடியாத இடம். ரெண்டு பேர் மேல வழக்கு. 2019-ல ரெண்டு பேரும் விடுதலை. நாலு சுவத்துக்குள்ள, பூட்டின கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் செத்திருக்கார், கடைசியில கொன்னது யாருன்னு சட்டத்துக்குத் தெரியாது.

அதனாலதான் கேமரா முக்கியம்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதான். ஆனா திகார்ல கேமரா இருந்துச்சு. ஓடிக்கிட்டு இருந்துச்சு. கேமரா வழக்குக்கு உதவும். அந்த நேரத்துல ஒருத்தர் ஸ்கிரீனைப் பார்த்துட்டு எழுந்து ஓடி வந்தாத்தான் உயிருக்கு உதவும்.

200 ரூபாய்

இப்ப அந்த அம்மாவோட கேள்வி. யாரு பதில் சொல்லுவா?

சிறைச் சட்டம் 1894-ல போட்டது. பிரிவு 54-ஐ எடுத்துப் பாருங்க. ஜெயிலரோ அவருக்குக் கீழ இருக்கிற ஊழியரோ கடமை தவறினா, மாஜிஸ்திரேட் முன்னாடி நிரூபணமானா, அபராதம் 200 ரூபாய்க்கு மிகாமல், அல்லது மூணு மாசத்துக்கு மிகாமல் சிறை, அல்லது ரெண்டும். இருநூறு ரூபாய். நம்ம ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு பிரியாணி வாங்கினா மிச்சம் இருக்காது. மத்திய அரசு 2023-ல ஒரு மாதிரிச் சட்டம் எழுதி அனுப்பியிருக்கு, மாநிலம் ஏத்துக்கிட்டாத்தான் அது நடைமுறைக்கு வரும்.

அலட்சியத்தால் மரணம்னு பொதுச் சட்டப் பிரிவு இருக்கு, அதைப் போடலாம். கூட்டுச் சதி இருந்தா கொலை வழக்குலயே சேர்க்கலாம். எழுத்துல எல்லாம் இருக்கு. நடைமுறையில சஸ்பெண்ட், டிரான்ஸ்பர், துறை விசாரணை, இந்த இடத்துலயே கதை பெரும்பாலும் நின்னுடுது. சஸ்பெண்ட்ங்கிறது தண்டனையே இல்ல. பாதிச் சம்பளத்தோட காத்திருப்பு.

இன்னொரு எல்லையும் இருக்கு. இலங்கையில வெலிக்கடைச் சிறையில 1983 ஜூலை 25, 27 ரெண்டு நாள்ல 53 தமிழ்க் கைதிகளை மத்த கைதிகள் கொன்னாங்க. ஒருத்தருக்குக் கூட தண்டனை இல்ல. அதே சிறையில 2012-ல 27 கைதிகள் செத்தாங்க. அதுல 8 பேரோட கொலைக்காக, அப்ப சிறைத்துறை அதிகாரியா இருந்த எமில் ரஞ்சன் லமாஹேவகேவுக்கு 2022 ஜனவரியில கொழும்பு நீதிமன்றம் மரண தண்டனை விதிச்சுது. அது அலட்சியம் இல்ல, கொலைக் குற்றச்சாட்டு, அதனால ஒப்பிட முடியாதுதான். ஆனா ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் தூக்கு. நடுவுல நியாயமான ஒரு அளவு நமக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல.

குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய ஒண்ணு இழப்பீடு. இதுல சட்டம் பரவாயில்ல. 1977-ல ஆந்திராவுல கோயில்குன்ட்லா கிளைச் சிறைக்குள்ள எதிரிகள் வெடிகுண்டு வீசி ஒரு விசாரணைக் கைதியைக் கொன்னாங்க. "அரசோட இறையாண்மை வேலை, எங்களைக் கேட்கக் கூடாது"ன்னு அரசு வாதாடுச்சு. 2000-ல உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கல. 1995-ல கேவல் பதிங்கிற பெண்ணோட வழக்கு. கொலை வழக்குல தண்டனை அனுபவிச்ச கணவரை உள்ள சக கைதி கொன்னுட்டான். தண்டனைக் கைதியா இருந்தாலும் உயிர் உயிர்தான், அரசுதான் பொறுப்புன்னு ஒரு லட்சம் கொடுக்கச் சொன்னாங்க. 2017-ல, சிறையில இயற்கைக்கு மாறா செத்தவங்க குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்றங்கள் தாமா முன்வந்து வழக்கு எடுக்கணும்னும் சொன்னாங்க. ஆனா அந்தப் பணம் அரசு கஜானாவுல இருந்து வருது. தப்பு பண்ணவர் பாக்கெட்ல இருந்து இல்ல.

பிரிச்சு வைக்கிறதா, வேண்டாமா?

பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரணும். அங்க ரொம்ப காலமா சாதி வாரியா பிளாக் இருந்துச்சு. அரசு சொன்ன காரணம், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் சாதி மோதல் உள்ளயும் வந்துடும், அதைத் தடுக்கத்தான். உயர் நீதிமன்றமும் ஒரு கட்டத்துல அதை ஏத்துக்கிச்சு. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்குல, 2024 அக்டோபர் 3-ல, உச்ச நீதிமன்றம் ஏத்துக்கல. ஒழுங்கைக் காப்பாத்த சாதியைத் தவிர வேற வழி கண்டுபிடிக்கிறது நிர்வாகத்தோட வேலைன்னு சொல்லிட்டாங்க. தீர்ப்பு எழுதினவர் டி.ஒய். சந்திரசூட். 303-ஐ அடிச்ச சந்திரசூட்டோட மகன்.

இதைச் சிலர், "இனி இன்னும் கொலை விழும்"னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. சாதி பிளாக் இருந்தப்பதான 2021-ல அந்தக் கொலை நடந்துச்சு? யாருக்கு யாரோட பகைங்கிறது சாதி சர்டிபிகேட்ல இருக்காது. எஃப்ஐஆர்ல இருக்கும். அதைப் படிச்சுட்டு, வாசல்லயே "இவனை அந்தப் பக்கம் விடாதீங்க"ன்னு ஒருத்தர் சொல்லி, எழுதி, கையெழுத்து போடணும். கையெழுத்து போட்டவர் யாருன்னு தெரிஞ்சா, கொலை நடந்தா யாரைக் கேட்கணும்னும் தெரியும். இப்ப அந்தக் கையெழுத்து எங்க இருக்குன்னு தேடறதுக்கே ஒரு வழக்கு போட வேண்டியிருக்கு.

கடைசியா, உங்க வீட்டுப் பையனோ நண்பனோ உள்ள போற நிலைமை வந்தா ஒரு விஷயம். ரிமாண்டுக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தும்போதே, உள்ள யாரால ஆபத்துன்னு வக்கீலை மெமோ போடச் சொல்லுங்க. பேரோட, வழக்கு எண்ணோட. வாயால சொன்னா காத்துல போயிடும். ரிமாண்ட் நீட்டிப்பு வீடியோவுல நடக்கும்போதும் பையன் வாயைத் திறந்து சொல்லலாம், மாஜிஸ்திரேட் கேட்டாகணும். மனு பார்க்கப் போறப்ப அவன் எந்த பிளாக்ல இருக்கான்னு கேட்டு, அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க. அசம்பாவிதம் ஆயிடுச்சுன்னா நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். புதுச் சட்டத்துல பிரிவு 196. அங்க முதல்ல கேட்கப் போற காகிதம் அந்த மெமோதான்.

அந்த அம்மாவுக்கும் நான் கடைசியில அதைத்தான் பண்ணேன். மெமோ போட்டோம், பதிவாச்சு, பையனை வேற பிளாக்குக்கு மாத்தினாங்க. அதோட நகல் வேணும்னு கேட்டாங்க. எதுக்கும்மான்னு கேட்டேன்.

"யாரு பதில் சொல்லணும்னு இதுல எழுதியிருக்குல்ல சார்."

மடிச்சு ரேஷன் கார்டு வச்சிருந்த கவருக்குள்ள வச்சுக்கிட்டாங்க.